கழிக்காத ஒரு மீட்டர்

பிப்ரவரி 1

நாலரைக்கு எழுந்து, அரைத்தூக்கத்தில் டிரைவருக்கும் சேர்த்துக் காப்பி போட்டு, ஆறு மணிக்கு நொச்சிக்காட்டுவலசு போய்ச் சேர்ந்தேன். வயல் மோட்டார்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் அளந்தாக வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் நீர்மட்டம் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த எண்ணை எழுதுவதும் ஒன்றுதான் எழுதாமல் இருப்பதும் ஒன்றுதான்.

இந்தத் திட்டத்துக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நிலத்தடி நீர் ஆராய்ச்சி என்கிறேன். உண்மையில் குழாய்க்குள் டேப் விடுகிற வேலை. பள்ளிக்கூட மூலையில் அளப்பதற்கென்றே போட்ட ஒரு போர் இருக்கிறது. அதில் மோட்டார் கிடையாது. டேப்பின் நுனியில் ஒரு இரும்புக் குமிழ். அது தண்ணீரைத் தொட்டதும் மேலே இருக்கும் பெட்டி 'கீ' என்று கத்தும். ஊர்க்காரர்களுக்கு அது 'கீ டேப்பு'. கத்தும் இடத்தில் டேப் காட்டும் எண்ணை, அதாவது தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்பதை, நான் உரக்கப் படிப்பேன். பக்கத்தில் நிற்கும் அங்கமுத்து அண்ணன் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்லிக்கொண்டே ஊரின் மறுகோடிக்குப் போய், பால் சொசைட்டிச் சுவரில் உள்ள கரும்பலகையில் எழுதுவார். அவர்தான் சொசைட்டிச் செயலாளர். பால் ஊற்ற வருகிற ஊரே அதைப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

போன வருடம் ஊர் கூடி ஒரு முடிவு எடுத்தது. பலகையில் பதினொன்று தாண்டினால் எந்த வயல் மோட்டாரும் ஓடக்கூடாது. குடிக்கவும் மாட்டுக்கும் மட்டும். அதற்கு முந்தைய கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடித்துக்கொண்டவர்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

இன்று 8.90.

பிப்ரவரி 6

மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. ஜீப் சூடுதான். இளநீர் குடித்தேன். காஸ் புக் செய்தேன்.

பிப்ரவரி 11

வேறொரு ஊர்க் கிணற்றில் டேப் மோட்டார்க் கயிற்றில் சிக்கிக்கொண்டது. இழுத்ததில் குமிழுக்குச் சற்று மேலே தோல் உரிந்து கம்பி தெரிந்தது. காங்கயத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தேன். கெட்ட பகுதியை வெட்டிவிட்டுக் குமிழை மறுபடி பற்றவைத்தார். நாற்பது சென்டிமீட்டர் வெட்டினாலே போதும் என்றார். நான்தான் சரியாக ஒரு மீட்டர் வெட்டச் சொன்னேன். கணக்குப் போட எளிது.

டேப்பில் முதல் மீட்டர் இனி இல்லை. எனவே அது காட்டுவதிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். பதிவேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அம்சவேணிக்கு மறதி என்று ஆபீசில் யாரும் சொல்லிவிடக்கூடாது.

பிப்ரவரி 15

டேப்பில் 10.25. ஜீப்பில் உட்கார்ந்து ஒன்றைக் கழித்து, பதிவேட்டில் 9.25 என்று ஏற்றினேன். பதினைந்து நாளில் முப்பத்தைந்து சென்டிமீட்டர் இறக்கம். இந்த மாதத்துக்கு அது சாதாரணம்.

அங்கமுத்து அண்ணன்தான் எண்ணைக் கேட்டதும் திகைத்துப்போய் நின்றார்.

"என்னங்க மேடம், இப்பிடி எறங்கிப்போச்சு?"

"வெயில் ஆரம்பிச்சாச்சுங்ணா. அப்படித்தான் இருக்கும்."

"அதுக்குன்னு இத்தனையுங்களா?"

தலையை ஆட்டிக்கொண்டே போனார். இந்த மனிதருக்கு எல்லாமே பெரிய விஷயம். போன மாதம் சாக்பீஸ் தீர்ந்ததற்கு இரண்டு முறை போன் செய்தவர்.

பிப்ரவரி 22

ஞாயிறு. வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வந்தார். பனியன் கம்பெனியில் இந்த வாரமும் இரட்டை ஷிப்டாம். மகள் விடுதியிலிருந்து பேசினாள். "அம்மா, உன் குரலே ஒரு மாதிரி இருக்குது" என்றாள். போனில் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றேன். மாவு ஆட்டினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 1

டேப்பில் 10.80. பதிவேட்டில் 9.80.

திரும்பும்போது ருக்குமணியக்கா பால் கேனோடு எதிரில் வந்தார். சேலைக்கு மேல் தன் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, சட்டைகள் இன்னும் தீரவில்லை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னவர். ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார்.

"மேடம், இன்னொரு மாசம் தாக்குப்புடிக்குமுங்களா? இப்பத்தான் காய் பெருக்கோணும். மூணு தண்ணி உட்டாப் போதும், புடுங்கிருவேன்."

"தாராளமா இருக்குதுங்க. பயப்படாம விடுங்க."

"போர்டப் பாத்தா அப்பிடித் தெரியலீங்களே."

"போர்டு என்னத்தைச் சொல்லும்? நான் சொல்றதைத்தானே சொல்லும்" என்று சிரித்தேன். டிரைவர் ஹாரன் அடித்தார். டீ குடிக்கும் நேரம் தள்ளிப்போனால் அவருக்குத் தலை வெடித்துவிடும். சொசைட்டிப் பக்கம் போகாமல் அப்படியே திரும்பினோம். அந்தப் பக்கம் போயே மாசக் கணக்கு ஆகிறது.

மார்ச் 15

டேப்பில் 11.20. கழித்து 10.20. அங்கமுத்து அண்ணன் எண்ணைத் திருப்பிச் சொல்லவே இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். உடம்பு சரியில்லையோ என்னவோ.

எனக்கும் சரியில்லை. குழாய் மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டியது. குழாயைச் சுற்றிய சிமெண்டுத் திண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன்.

மார்ச் 17

அங்கமுத்து அண்ணன் போன் செய்தார். ஊரில் வயல் மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்களாம்.

பத்து இருபதிலேயே நிறுத்திவிட்டார்கள்! பதினொன்று வரும்வரை காத்திருக்கவில்லை. இன்னும் எண்பது சென்டிமீட்டர் கையில் இருக்கும்போதே முன்னெச்சரிக்கையாக அவர்களாகவே நிறுத்தியிருக்கிறார்கள். பதினைந்து மாதம் நாலரைக்கு எழுந்ததற்கு இன்றைக்குத்தான் கூலி கிடைத்த மாதிரி இருந்தது. உடனே ஆனந்தவேல் சாரிடம் சொன்னேன். திட்டத்தின் தலைவர் அவர். குதிக்காத குறை. அறிக்கையில் தனி அத்தியாயமே எழுதப்போகிறாராம்.

மார்ச் 22

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் அங்கமுத்து அண்ணன்.

"மேடமுங்க, ஒரு சங்கடமுங்க. நம்ம ருக்குமணி விடிகாலம் மோட்டார் போட்டுருச்சு. முக்கா மணி நேரம். தென்னந்தோப்புச் சாமியப்பன் சத்தத்தெக் கேட்டுட்டாரு. இப்ப ஊரே சொசைட்டியில நிக்குது. அந்தப் புள்ளையோட மோட்டாருக்குப் பீஸ் கட்டையில ஒண்ணெ உருவிட்டு வந்துட்டாங்க. ஆணியில மாட்டோணுங்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஆணி என்பது கரும்பலகைக்குக் கீழே உள்ள ஆணி. ஊர்க்கட்டுப்பாட்டை மீறினால் பீஸ் கட்டை அங்கே தொங்கும் என்று போன வருடமே பேசி வைத்திருந்தார்கள். மூன்றில் ஒன்றை உருவினால் மோட்டார் ஓடாது. அதைவிட, பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாரும் காலையும் மாலையும் அதைப் பார்ப்பார்கள்.

கணக்குப்படி கோடு இன்னும் தாண்டவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். ஊரே ஒன்றுசேர்ந்து முன்கூட்டி நிறுத்தியிருக்கும்போது நான் நடுவில் புகுந்து எதற்குக் கெடுக்க வேண்டும்? ஒரே வார்த்தையில் எல்லா மோட்டாரும் ஓட ஆரம்பித்துவிடும்.

"நீங்க எடுத்த முடிவு, நீங்கதாங்ணா காப்பாத்தணும். ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றார். பின்னால் யாரோ ஒரு பெண் சத்தமாகப் பேசுவது கேட்டது. போனை வைத்துவிட்டார்.

பாத்திரம் முடிந்தது. துணி ஊறவைத்தேன்.

ஏப்ரல் 1

டேப்பில் 11.05. பதிவேட்டில் 10.05. பதினைந்து சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. நிறுத்தியதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. கிராப் போட்டால் அழகாக வரும்.

போகிற வழியில் ருக்குமணியக்காவின் காடு. வெங்காயத் தாள் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தது. அவரும் இன்னொரு பெண்ணும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் குவித்திருந்ததைப் பார்த்தேன், கொட்டைப்பாக்கு அளவுகூட இல்லை. ஜீப் சத்தம் கேட்டும் அவர் நிமிரவில்லை. டிரைவர் சொன்னார், ஊரில் அவரைத் தண்ணித் திருடி என்று பேர் வைத்துவிட்டார்களாம். டீக்கடையில் கேள்விப்பட்டாராம்.

பாவமாக இருந்தது. விதி என்று இருந்தால் யாராவது ஒருவருக்கு வலிக்கத்தான் செய்யும்.

ஏப்ரல் 9

டாக்டரிடம் போக வேண்டும். அடுத்த வாரம்.

ஏப்ரல் 15

டேப்பில் 10.95. நான் படித்ததும் அங்கமுத்து அண்ணன் சின்னப் பையன் மாதிரிக் கையைத் தட்டினார்.

"பதினொண்ணுக்குள்ள வந்திருச்சுங்க மேடம்! ஒரு மாசமா எல்லாரும் இதுக்குத்தானுங்க காத்துக்கெடக்கறாங்க!"

இவருக்கு என்ன ஆயிற்று? பதினொன்றுக்குள் எப்போதும்தானே இருந்தது. ஜீப்பில் ஏறி, கழித்து, 9.95 என்று எழுதினேன்.

மதியம்.

எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. சாதத்தில் ரசம் ஊற்றும்போது அந்த வார்த்தை மறுபடி வந்தது. பதினொண்ணுக்குள்ள வந்திருச்சுங்க. சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 16

அங்கமுத்து அண்ணன் பலகையில் எழுதுவதையெல்லாம் ஒரு நோட்டிலும் குறித்து வைக்கிறவர். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். அறிக்கைக்கு என்றேன்.

ஏப்ரல் 17

படம் வந்தது. மணி மணியான எழுத்து.

என் பதிவேட்டையும் அவர் நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒரே தாளில் இரண்டு கோடுகள் வரைந்தேன். பிப்ரவரி ஒன்றாம் தேதி இரண்டும் ஒரே புள்ளி. பதினைந்தாம் தேதியிலிருந்து அவருடையது கீழே, என்னுடையது மேலே. அங்கிருந்து கடைசிவரை தண்டவாளம் போலச் சேர்ந்தே போகின்றன. இடைவெளி எங்கே அளந்தாலும் ஒரு மீட்டர்.

நான் கழித்தேன். ஜீப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் கழித்தேன். குழாயருகில் நின்று கத்தும்போது டேப்பில் இருப்பதைத்தான் கத்தினேன். சிவப்பு மையில் எழுதியது என் பதிவேட்டில். அங்கமுத்து அண்ணனிடம் டேப் வெட்டிய கதையைச் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அவர்கள் முன்னெச்சரிக்கையாக நிறுத்தவில்லை. பலகையில் 11.20 என்று பார்த்துவிட்டு, விதிப்படி, அன்றைக்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 18

பரண் துடைத்தேன். பழைய பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 19

வீட்டுக்காரர் வந்தார். சொல்லலாம் என்று நினைத்தேன். களைப்பாக இருந்தார். கறி எடுத்துவந்திருந்தார், சமைத்தேன்.

ஏப்ரல் 20

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டிருக்க வேண்டாம்.

நம் பக்கத்துப் பாறையில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்குகிறது என்றால் அதில் தண்ணீர் வெறும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரம்தான். மீதி எல்லாம் கல். ஊரின் பரப்பு நானூறு ஏக்கர். ருக்குமணியக்கா கேட்டது மூன்று தண்ணீர், தண்ணிக்கு நாலு சென்டிமீட்டர், ஒன்றரை ஏக்கருக்கு. வகுத்துப் பெருக்கி வந்த விடை: மூன்று சென்டிமீட்டர். ஊரின் நீர்மட்டம் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கியிருக்கும். என் ஆள்காட்டி விரலில் பாதிகூட இல்லை.

அவருக்கு மட்டும் விட்டால் என்ற கணக்கு இது. எல்லாருமே மாதக் கடைசிவரை ஓட்டியிருந்தாலும் பத்தரை, பத்தே முக்காலில் நின்றிருக்கும். பதினொன்றைத் தொட்டிருக்காது.

ஏப்ரல் 22

ஆனந்தவேல் சாரிடம் சொன்னேன். வரைந்த தாளை மேஜை மேல் வைத்தேன். கெட்ட மனிதர் இல்லை. தாளை நெடுநேரம் பார்த்தார், எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

"அம்சவேணி, இப்ப என்ன கெட்டுப்போச்சு? பக்கத்து ஊருக்கெல்லாம் லாரி வருது. நொச்சிக்காட்டுவலசுல குழாய்ல தண்ணி வருது. தப்பான எண்ணாலதான் நல்லது நடந்திருக்குதுன்னா நடந்துட்டுப் போகட்டுமே."

"ஒரு பொம்பளையோட வெள்ளாமை போச்சுங்க சார். பேரும் போச்சு."

"வருஷா வருஷம் எத்தனை பேருக்கு வெள்ளாமை போகுது? நீங்க போய்ச் சொன்னீங்கன்னா அந்தப் பலகையை இனி ஒருத்தன் நம்ப மாட்டான். ரெண்டு வருஷ உழைப்பு. அடுத்த கட்ட அனுமதியும் இதை வச்சுத்தான்." தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு, "உங்க ஒப்பந்தம் ஜூனோட முடியுது, ஞாபகம் இருக்குதில்ல?" என்றார். மிரட்டவில்லை. நினைவூட்டினார்.

அவர் சொன்னதில் பாதி சரி. அதுதான் தொந்தரவு.

ஏப்ரல் 25

டாக்டர். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.4. எத்தனை மாதமாக இரத்தப்போக்கு அதிகம் என்று கேட்டார். சரியாகத் தெரியவில்லை என்றேன். ஊர் ஊராகப் போய் எல்லாவற்றையும் அளக்கிறேன் என்று நான் செய்யும் வேலையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்கேன் எழுதிக்கொடுத்தார், இரும்பு மாத்திரை கொடுத்தார், ஓய்வு எடுக்கச் சொன்னார்.

உடம்பு இப்படி இருந்ததால்தான் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம் என ஒரு நொடி நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது வெட்கமாக இருந்தது.

மே 1

அளக்கும் நாள். ஜீப் கிடைக்கவில்லை. மே தினம்.

மே 2

ஜீப் கிடைத்தது. வேறு ஊர்களுக்குப் போனேன்.

மே 3

மாத்திரையால் வயிற்றைப் புரட்டுகிறது. படுத்திருந்தேன்.

மே 5

அங்கமுத்து அண்ணன்.

"மேடம், ஒடம்புக்கு ஆகலீங்களா? ஒண்ணாந்தேதி வரலியே. போர்டு காலியாக் கெடக்குதுங்க."

"கொஞ்சம் முடியலைங்ணா. வயலுக்கெல்லாம் தண்ணி விடறாங்களா?"

"எங்கீங்க! ரெண்டு நாளா ஆரும் மோட்டார் போடல. அளவு தெரியாம எப்பிடிப் போடறதுன்னு எல்லாரும் உக்காந்திருக்கறாங்க. நீங்க மெதுவா வாங்க, ஒடம்பப் பாத்துக்கங்க."

"ருக்குமணியக்கா பீஸ் கட்டையை வாங்கிட்டாங்களா?"

"அதையேங் கேக்கறீங்க. பதினஞ்சாந்தேதி எல்லாருக்கும் தொறந்துவிட்டப்பவே எடுத்துக்கோன்னு சொன்னமுங்க. தொடமாட்டேன்னுருச்சு. இன்னும் ஆணியிலதான் தொங்குது. பாலை ஊத்தீட்டு அந்தப்பக்கம் திரும்பாமப் போயிருது."

மே 7

ஆறு மணிக்கு அளந்தேன். டேப்பில் 11.05. படிக்கவில்லை. அங்கமுத்து அண்ணன் சாக்பீஸோடு நின்றுகொண்டு என் வாயையே பார்த்தார். "சொசைட்டிக்குப் போலாம் வாங்கண்ணா, அங்க சொல்றேன்" என்றேன். டேப்பையும் தூக்கிக்கொண்டேன்.

பால் ஊற்றும் நேரம். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பலகைக்குக் கீழே ஆணியில் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டை தொங்கியது. ஒன்றரை மாதத் தூசி. ருக்குமணியக்கா வரிசையில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ நின்றார்.

டேப்பின் நுனியைக் காட்டினேன். இங்கே ஒரு மீட்டர் வெட்டியிருக்கிறது, பிப்ரவரியில் வெட்டினேன், என் நோட்டில் கழித்து எழுதினேன், உங்களிடம் கழிக்காமல் படித்தேன். நீங்கள் பதினொன்று இருபது என்று பார்த்தது உண்மையில் பத்து இருபது. நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. தப்பு என்னுடையது. நான்கு நாளாக ஒத்திகை பார்த்தது அவ்வளவுதான்.

அங்கமுத்து அண்ணன் பலகையைப் பார்த்தார். தன் கையெழுத்துத்தானா என்று பார்ப்பவர்போல இருந்தது.

தென்னந்தோப்புச் சாமியப்பன்தான் முதலில் பேசினார். "அப்போ இன்னிக்கு நெசமா எத்தனைங்க?"

"பத்து அஞ்சு."

"அட! அப்ப இன்னும் ஒரு மீட்டரு கெடக்குதுன்னு சொல்லுங்க. நானு போயி தென்னைக்குத் தண்ணி உடறேன், மட்டையெல்லாம் தொங்கிப்போய் நிக்குது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் கிளம்பினார்கள். ஆனந்தவேல் சார் சொன்னது என் கண்முன்னால் நடக்க ஆரம்பித்தது.

"நில்லுங்க மாமா."

ருக்குமணியக்கா வரிசையிலிருந்து நகரவில்லை. கேனைக் கீழே வைத்தார்.

"என்ற ஒன்றரை ஏக்கர் காஞ்சது உங்க தென்னைக்கு ஊத்தறதுக்குங்களா? என்னைத் திருடின்னு சொல்லி நிறுத்துனீங்க. எந்த எடத்துல நிறுத்துனீங்களோ கோடு அந்த எடத்துலயே நிக்கட்டும். பலகைப் பதினொண்ணு நெசத்துல பத்துன்னா, இனிப் பத்துதான் கோடு. எனக்கு இல்லாத தண்ணி இந்த ஊருல ஒருத்தருக்கும் வேண்டாம்."

சாமியப்பன் துண்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு நின்றார். பத்து மீட்டர் என்பது நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லாத எண். ஒரு பெண்ணின் ஆத்திரத்திலிருந்து வந்தது. கிளம்பியவர்கள் ஒவ்வொருவராக வரிசைக்குத் திரும்பினார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு இந்த அண்ணன் உங்களுக்குப் போன் பண்ணுனாருங்களே. நானும் இங்கதான் நின்னேன். அப்ப உங்க நோட்டுல என்னங்க இருந்துச்சு?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்து வரவில்லை.

"பத்து இருபது."

"கோடு தாண்டலன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்னீங்க."

"ஆமாங்க" என்றேன். டேப் வெட்டியதைச் சொல்லும்போது வராத அழுகை அப்போது வந்தது. அவர் முன்னால் அழுவது அவரிடம் எதையோ கேட்பது மாதிரி இருந்ததால் அடக்கிக்கொண்டேன். "நீங்களா முன்னாடியே நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன். எனக்கு அது பெருமையா இருந்துச்சு. அதைக் கெடுத்துக்க மனசு வரல. அதாங்க நெசம்."

என்னையே பார்த்தார். மன்னிக்கிற பார்வை இல்லை. எடை போடுகிற பார்வை.

அங்கமுத்து அண்ணன் ஆணியிலிருந்து பீஸ் கட்டையை எடுத்து, வேட்டியில் துடைத்து நீட்டினார். "இந்தா ருக்கு, தப்பாப்போச்சு சாமி, வாங்கிக்க."

"நான் ஏனுங்க வாங்கோணும்? நானா கழட்டுனேன்? அவங்க கொண்டாந்து மாட்டட்டும்" என்றார், என்னைக் காட்டி. பாலை ஊற்றிவிட்டு, சீட்டை வாங்கி முடிந்துகொண்டு முன்னால் நடந்தார்.

பீஸ் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தெரு நெடுக ஆட்கள் பார்த்தார்கள். முக்கால் கிலோமீட்டர் இருக்கும். இரண்டு இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் நான் நின்றபோது அவரும் நின்றார். வெங்காயக் காட்டில் காய்ந்த தாள் அப்படியே கிடந்தது. பாத்தி மண் வெடித்திருந்தது.

மோட்டார் ரூமில் மெயினை இறக்கிவிட்டு, காலியாக இருந்த நடு இடத்தில் கட்டையைச் சொருகினேன். சரியாக உட்காரவில்லை. "அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். அவர் மெயினை ஏற்றி மோட்டாரைப் போட்டார். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. வாய்க்காலில் நான்கு அடி ஓடி மண்ணுக்குள் போனது.

உடனே நிறுத்திவிட்டார்.

"ஓடுதான்னு பாத்தேன். இன்னிக்குப் பத்தெத் தாண்டித்தானே இருக்குது?"

"அஞ்சு சென்டிமீட்டர் தாண்டியிருக்குது."

"அப்பொ ஆச்சு" என்று கதவைச் சாத்தினார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

மே 8

ஆனந்தவேல் சாருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அறிக்கையில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னேன். படித்துவிட்டு, "ம்" என்றார்.

மே 14

ஸ்கேன். கர்ப்பப்பையில் கட்டி. ஆபத்தானது இல்லையாம், ஆனால் எடுக்க வேண்டுமாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டார். அவருக்கும் அதே பதில்தான்.

மே 16

நேற்று அளக்கவில்லை. குமிழ் மறுபடி ஆடுகிறது, டேப்பை அந்த ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுத்திருக்கிறேன். நாளைக்குத் தருகிறாராம். இதை அங்கமுத்து அண்ணனிடம் போன் செய்து சொன்னேன். இனி இந்த டேப்புக்குத் தும்மல் வந்தாலும் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

மே 23

கோடை மழை. மூன்று நாளாக விட்டுவிட்டு. அறுபத்திரண்டு மில்லிமீட்டர். துணி எதுவும் காயவில்லை.

மே 28

கடிதம் வந்தது. ஜூன் முப்பதுக்குப் பிறகு நீட்டிப்பு இல்லை. ஆபரேஷனை ஜூலையில் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நாலரைக்கு எழ வேண்டியதில்லை. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும், இல்லை.

ஜூன் 1

ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மூலையில் அங்கமுத்து அண்ணனோடு ருக்குமணியக்காவும் நின்றார். முழுக்கைச் சட்டை, கையில் காலிக் கேன். ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. நான் குழாய் மூடியைத் திறந்ததும் என் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டார்.

மெதுவாக விட்டார். கிணற்றில் கயிறு விட்டுப் பழகிய கை, அதிரவே இல்லை. 'கீ' என்றது. கொஞ்சம் மேலே தூக்கி, மறுபடி விட்டு, மறுபடி கத்த வைத்து, நகத்தால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து படித்தார்.

"பத்து எழுபது. ஒண்ணெக் கழியுங்ணா."

"ஒம்பது எழுபது" என்றார் அங்கமுத்து அண்ணன். இரண்டு முறை சொன்னார். பத்துக்குள் வந்துவிட்டது. தெருவைப் பார்த்துக் கிளம்பியவர் பாதி ஓட்டமாகப் போனார்.

நான் ஜீப்புக்குப் போகாமல் அங்கேயே பதிவேட்டைத் திறந்து எழுதினேன். ருக்குமணியக்கா டேப்பைச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"என்ன எழுதுனீங்க?"

"ஒம்பது எழுபது."

"காட்டுங்க."

காட்டினேன்.